கிறுக்கலைப் படிக்க முடியாமல் போன ஞாயிற்றுக்கிழமை



காலையில் அலாரம் அடிக்கிறது. கண்ணைத் திறக்கிறீர்கள். ஒரு விநாடிக்கு முன்னால் வரை உள்ளே ஒரு பெரிய கதை ஓடிக்கொண்டிருந்தது. பரீட்சை ஹாலா, பஸ் ஸ்டாண்டா, சின்ன வயசில் இருந்த வீடா, ஏதோ ஒன்று. ரூம்மேட்டை எழுப்பிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தால், அவ்வளவுதான், காலி! பல் தேய்த்து முடிப்பதற்குள் கனவு கண்டோம் என்பதே மறந்து போயிருக்கும்.

போனால் போகட்டும் என்று நாமும் விட்டுவிடுவோம். நம்ம கனவில் அப்படி என்ன பெரிய விஷயம் வந்துவிடப் போகிறது? ஆனால் ஒரு மனிதருக்கு வந்தது. அவர் உஷாராக எழுந்து, விளக்கைப் போட்டு, எழுதியும் வைத்தார். காலையில் எடுத்துப் பார்த்தால் தன் கையெழுத்து தனக்கே புரியவில்லை. அந்தக் கிறுக்கலுக்குள் இருந்த விஷயம்தான் பின்னாளில் அவருக்கு நோபல் பரிசு வாங்கிக் கொடுத்தது.

அவர் பெயர் ஓட்டோ லோவி. பயாலஜி படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக வந்து போயிருக்கும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கிற வாழ்க்கையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

வேண்டா வெறுப்பாகச் சேர்ந்த படிப்பு

லோவி பிறந்தது 1873 ஜூன் 3. ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரம். அப்பா ஒயின் வியாபாரி, யூதக் குடும்பம், நல்ல வசதி. பையனுக்கு ஓவியம், சிற்பம், பழைய கட்டடங்கள் என்றால் உயிர். கலை வரலாறு படிக்க வேண்டும் என்பதுதான் ஆசை. வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதையெல்லாம் படிச்சு என்ன பண்ணப் போற, ஒழுங்கா டாக்டருக்குப் படி என்கிற அந்தக் கதைதான். ஊர்தான் வேறு, வீடு ஒன்றுதான்.

1891-இல் ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சேர்ந்தார். சேர்ந்தாரே தவிர, வகுப்புக்கு ஒழுங்காகப் போகவில்லை. மருத்துவ வகுப்பைக் கட் அடித்துவிட்டுத் தத்துவம், கலை வரலாறு வகுப்புகளில் போய் உட்கார்ந்துகொண்டார். பலன்? 1893-இல் நடந்த முதல் மருத்துவத் தேர்வில் தட்டுத் தடுமாறி, மயிரிழையில் பாஸ். அரியரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பிறகு மெல்ல மருத்துவத்தின் மேல் ஆர்வம் வந்தது. 1896-இல் பட்டம் வாங்கினார். பட்டத்துக்கான ஆய்வை அவர் செய்தது ஓஸ்வால்ட் ஷ்மீடபெர்க் என்ற பேராசிரியரிடம். மருந்தியல் என்ற துறையையே ஒரு தனி அறிவியலாக நிறுத்தியவர்களில் ஒருவர் அவர். கொடுத்த தலைப்பு என்ன தெரியுமா? உடலிலிருந்து வெளியே எடுத்து வைத்த தவளை இதயத்தின் மேல் விஷப் பொருட்கள் எப்படி வேலை செய்கின்றன என்பது. தவளை இதயம் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் அது திரும்ப வரும்.

படிப்பு முடிந்ததும் பிராங்க்பர்ட் நகர மருத்துவமனையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். அங்கே காசநோய் வார்டு, நிமோனியா வார்டு. அந்தக் காலத்தில் இரண்டுக்கும் மருந்து கிடையாது. வருகிறவர்கள் கண் முன்னாலேயே செத்துப் போவார்கள், டாக்டர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். லோவியால் அதைத் தாங்க முடியவில்லை. நோயாளியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மருந்து உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது என்று ஆராயும் பக்கம் போனார். 1898-இல் மார்பர்க் நகரில் ஹான்ஸ் மேயர் என்ற பேராசிரியரிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

1903-இல் வந்து, மறந்து போன ஒரு யோசனை

அன்றைக்கு உலகம் முழுக்க ஒரு கேள்வி இருந்தது. நரம்பு வழியாக ஒரு சைகை போகிறது, அது மின்சார சமாச்சாரம் என்று தெரியும். ஆனால் நரம்பின் நுனிக்கு வந்த பிறகு, அந்தச் சைகை தசைக்கோ இதயத்துக்கோ எப்படித் தாவுகிறது? பெரும்பாலானவர்கள் அதையும் மின்சாரம் என்றே நினைத்தார்கள். ஒயரில் வந்த கரண்ட் பல்புக்குப் போகிற மாதிரி.

1902-இல் லோவி இங்கிலாந்து போனார். லண்டனில் ஹென்றி டேல் என்ற இளைஞரைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பு வாழ்நாள் நட்பாக மாறியது. 1903-இல் மார்பர்க்கில், கேம்பிரிட்ஜிலிருந்து வந்திருந்த வால்டர் பிளெட்சர் என்ற நண்பரோடு பேசிக்கொண்டிருந்தபோது லோவிக்கு ஒரு யோசனை வந்தது. சில மருந்துகளைக் கொடுத்தால் நரம்பைத் தூண்டின அதே விளைவு வருகிறதே, அப்படியானால் நரம்பின் நுனியே ஏதோ ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறதோ என்று. அடுத்த வருடம், 1904-இல், கேம்பிரிட்ஜில் எலியட் என்ற ஆராய்ச்சியாளரும் அட்ரினலினை வைத்து இதே மாதிரி ஒரு கருத்தை எழுதினார்.

யோசனை சரி, அதை நிரூபிக்கிறது எப்படி? லோவிக்கு வழி தெரியவில்லை. வழி தெரியாத யோசனைக்கு என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. மறந்துவிட்டார். நம்ம ஆளுங்க பைனல் இயர் பிராஜெக்டுக்கு என்று முதல் வருடத்தில் யோசித்து வைத்து மறந்து போகிற மாதிரி.

நடுவில் வாழ்க்கை ஓடியது. 1905-இல் மேயரோடு வியன்னா போனார். 1908-இல் கீடா கோல்ட்ஷ்மீட் என்ற பெண்ணைத் திருமணம் செய்தார். மூன்று மகன்கள், ஒரு மகள். 1909-இல் ஆஸ்திரியாவின் கிராஸ் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பேராசிரியர் ஆனார். அடுத்த 29 வருடம் அந்த ஊர்தான். முதல் உலகப்போர் வந்தது, போனது. 1918-இல் வேறு ஏதோ ஒரு ஆராய்ச்சிக்காக, தவளை இதயத்துக்குள் உப்புக் கரைசலை நிரப்பி, இதயத்திலிருந்து அந்தக் கரைசலுக்குள் என்ன வருகிறது என்று பார்க்கும் முறை ஒன்றைப் பயன்படுத்தினார். வேலை முடிந்தது, அதையும் மூட்டை கட்டி வைத்தார்.

இப்போது அவர் தலைக்குள் இரண்டு பொருட்கள் தனித்தனியாகக் கிடக்கின்றன. ஒன்று, 1903-இன் கேள்வி. இன்னொன்று, 1918-இன் செய்முறை. இரண்டையும் பகலில் அவர் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

இரண்டு இரவுகள்

ஈஸ்டர் ஞாயிறுக்கு முந்தைய இரவு. வருடம் 1920 என்று லோவி பிற்காலத்தில் எழுதினார். 1921 என்று சொல்கிறவர்களும் உண்டு. தூக்கத்தில் ஒரு யோசனை வந்து விழிப்புத் தட்டியது. விளக்கைப் போட்டார். கையில் கிடைத்த ஒரு மெல்லிய, சின்னத் துண்டுக் காகிதத்தில் நாலு வார்த்தை கிறுக்கினார். விளக்கை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிட்டார். எழுதியாச்சே, இனி என்ன கவலை?

காலை 6 மணிக்கு எழுந்தவருக்கு, ராத்திரி ரொம்ப முக்கியமான எதையோ எழுதினோம் என்பது மட்டும் ஞாபகம் வந்தது. என்னது என்று ஞாபகம் வரவில்லை. காகிதத்தை எடுத்தார். கோழி கிளறிய மாதிரி இருந்தது. திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார், பிரயோஜனம் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவருக்கு எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்க. விடை கையில் இருக்கிறது. எழுதியதும் தானேதான். ஆனால் படிக்க முடியவில்லை.

அன்றைக்கு ராத்திரி மறுபடியும் படுத்தார். சரியாக 3 மணிக்கு அதே யோசனை திரும்பி வந்தது. வாழ்க்கையில் இப்படி ரீ-எக்ஸாம் எல்லாருக்கும் கிடைக்காது. இந்தத் தடவை லோவி காகிதத்தை நம்பவில்லை. எழுந்து உடை மாற்றிக்கொண்டு, அந்த நேரத்திலேயே நேராக லேபுக்குப் போய்விட்டார். விடிவதற்குள் சோதனை முடிந்துவிட்டது.

அந்தக் கதையைப் பின்னாளில் அவர் பலரிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். சொல்லும்போது சில விவரங்கள் கொஞ்சம் கொஞ்சம் மாறியும் இருக்கின்றன. கனவைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கனவு மட்டும் இல்லை, கனவைப் பற்றிய ஞாபகமும் நாளாக நாளாக உருமாறும். அன்றைக்கே எழுதி, தேதி போட்டு வைத்தால் ஒழிய.

இரண்டு இதயம், ஒரு கரைசல்

அந்த இரவில் அவர் செய்தது என்ன? சொன்னால் இவ்வளவுதானா என்பீர்கள்.

இரண்டு தவளை இதயங்களை எடுத்துக்கொண்டார். உப்புக் கரைசலில் வைத்தால் தவளை இதயம் வெளியே எடுத்த பிறகும் ரொம்ப நேரம் துடிக்கும். முதல் இதயத்தில் வேகஸ் நரம்பு ஒட்டியபடி இருந்தது. இந்த நரம்பைத் தூண்டினால் இதயத் துடிப்பு மெதுவாகும் என்பது முன்பே தெரிந்த விஷயம். இரண்டாவது இதயத்தில் நரம்பே கிடையாது, நீக்கிவிட்டார். இரண்டுக்குள்ளும் சின்னக் கண்ணாடிக் குழாய் செருகி உப்புக் கரைசல் நிரப்பினார்.

முதல் இதயத்தின் வேகஸ் நரம்பைச் சில நிமிடங்கள் மின்சாரத்தால் தூண்டினார். அது மெதுவாகத் துடித்தது. பிறகு அதற்குள் இருந்த கரைசலை எடுத்து இரண்டாவது இதயத்துக்குள் ஊற்றினார். நரம்பே இல்லாத அந்த இரண்டாவது இதயமும் மெதுவானது! அடுத்து, துடிப்பைக் கூட்டும் நரம்பைத் தூண்டி அதே மாதிரி செய்தார். இரண்டாவது இதயம் வேகமாகத் துடித்தது.

இரண்டு இதயத்துக்கும் நடுவில் ஒயர் கிடையாது. நரம்பு கிடையாது. போனது கரைசல் மட்டும். அப்படியென்றால் செய்தியைச் சுமந்து போனது அந்தக் கரைசலுக்குள் கரைந்திருந்த ஏதோ ஒரு பொருள். 1903-இல் நிரூபிக்க வழி தெரியாமல் விட்ட கேள்விக்கு, 17 வருடம் கழித்துப் பதில்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த யோசனை பகலில் வந்திருந்தால் தானே அதை நிராகரித்திருப்பேன் என்ற கருத்தை லோவி பின்னாளில் எழுதினார். காரணம் நியாயமானதுதான். நரம்பு நுனியில் அப்படி ஒரு பொருள் சுரந்தாலும், அந்த இடத்துக்குத் தேவையான அளவு மட்டும்தானே சுரக்கும்? உள்ளே இருக்கும் கரைசல் முழுக்கப் பரவி, இன்னொரு இதயத்தையும் பாதிக்கிற அளவுக்கு வழிந்து வரும் என்று எந்த ஆராய்ச்சியாளர் நினைப்பார்? விழித்திருக்கும் மூளை கணக்குப் போட்டு, இது ஆகாது என்று ஒதுக்கியிருக்கும். பாதித் தூக்கத்தில் இருந்த மனிதர் கணக்குப் போடவில்லை, கிளம்பிப் போய்விட்டார்.

சூப்பா, ஸ்பார்க்கா?

1921-இல் ஆய்வுக்கட்டுரை வெளியானது. உலகம் கை தட்டியதா? இல்லை. வேறு சிலர் செய்து பார்த்தார்கள், வரவில்லை. தவளையின் இனம், பருவகாலம், வெப்பநிலை எல்லாம் சரியாக அமைந்தால்தான் இந்தச் சோதனை ஒத்துவரும். ஏன் என்றால் அந்தப் பொருள் சுரந்த வேகத்திலேயே ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். குளிரில் நொதி மெதுவாக வேலை செய்யும், வெயில் காலத்தில் வேகமாக. நம்ம லேபில் ஒருத்தனுக்கு வந்த ரீடிங் பக்கத்து பேட்சுக்கு வராமல் போகும் இல்லையா, அதே கதை.

1926-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலக உடலியங்கியல் மாநாட்டில், எல்லார் கண் முன்னாலும் லோவி அந்தச் சோதனையைச் செய்து காட்டினார். 18 தடவை திரும்பத் திரும்பச் செய்தார் என்று சொல்வார்கள். அதே காலத்தில், சிதைக்கும் நொதியைத் தடுக்க பைசோஸ்டிக்மின் என்ற மருந்து உதவும் என்றும் கண்டுபிடித்தார். அதைச் சேர்த்தால் பொருள் அழியாமல் நிற்கும், சோதனை சுலபமாக வரும்.

அந்தப் பொருளுக்கு லோவி முதலில் வைத்த பெயரின் அர்த்தம் வேகஸ் பொருள் என்பதுதான். பிறகு அது அசிட்டைல்கோலின் என்று தெரிந்தது. இந்தப் பக்கத்தில் பெரிய பங்கு பழைய லண்டன் நண்பர் ஹென்றி டேலுடையது. அசிட்டைல்கோலின் உடலில் என்ன செய்யும் என்று 1914-லேயே விரிவாக எழுதி வைத்திருந்தவர் அவர். 1936-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு நண்பர்கள் இருவருக்கும் சேர்த்தே கிடைத்தது.

அதற்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. நரம்பு செய்தி சொல்வது மின்சாரத்தாலா, வேதிப்பொருளாலா என்று இரண்டு கட்சி. ஸ்பார்க் கட்சி, சூப் கட்சி என்றே கிண்டலாகப் பெயர். மூளைக்குள்ளும் பெரும்பாலான இடங்களில் சூப்தான் என்று ஸ்பார்க் கட்சியின் முக்கியப் புள்ளி ஜான் எக்கல்ஸ் ஒப்புக்கொண்டபோது வருடம் 1951. இதிலும் தன் சோதனையாலேயே தன் கருத்து தவறு என்று கண்டவர் அவர். அவருக்கும் மரியாதை செய்ய வேண்டும்.

இப்போது உங்கள் மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைப் பாருங்க. எந்த நரம்பும் தொடாமல் விட்டால் மனித இதயம் நிமிடத்துக்குச் சுமார் 100 தடவை துடிக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது 70 பக்கம் இருக்கிறது என்றால், உங்கள் வேகஸ் நரம்பு அசிட்டைல்கோலினைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிரேக் போட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வயலில் அடிக்கிற சில வகைப் பூச்சிமருந்துகள் உயிரைப் பறிப்பதும் இந்த இடத்தில்தான். அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை அவை முடக்கிவிடும். அப்படிப்பட்ட கேஸ் வந்தால் டாக்டர்கள் போடும் அட்ரோபின் ஊசி, அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுக்கும் மருந்து. அந்த ஈஸ்டர் இரவு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது பாருங்க.

கதவை உடைத்துக்கொண்டு வந்த இரவு

1938 மார்ச் 11. ஆஸ்திரியா நாஜிகள் கைக்குப் போனது. மறுநாள் விடிவதற்கு முன்னாலேயே துப்பாக்கியோடு ஒரு கும்பல் லோவியின் வீட்டுக்குள் புகுந்தது. 64 வயது மனிதரைப் படுக்கையிலிருந்து எழுப்பிச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு இளைய மகன்களையும் அடைத்தார்கள். செய்த குற்றம், யூதராகப் பிறந்தது.

சிறையில் தன்னைக் கொன்றுவிடுவார்கள் என்றே லோவி நம்பினார். அப்போது அவரை அரித்த கவலைகளில் ஒன்று, கடைசியாகச் செய்து முடித்த ஒரு சோதனையின் முடிவை இன்னும் எங்கேயும் எழுதவில்லையே என்பது. காவலரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு தபால் அட்டையும் எழுதுகோலும் வாங்கினார். அந்த அட்டைக்குள் அடங்குகிற மாதிரி முடிவைச் சுருக்கி, ஓர் ஆய்விதழுக்கு எழுதி அனுப்பினார். அட்டை போய்விட்டது என்று தெரிந்ததும் மனசு லேசானது என்று பின்னர் நினைவுகூர்ந்தார்.

எனக்கு இந்த இடம்தான் லோவியின் வாழ்க்கையிலேயே பெரிய இடமாகத் தோன்றுகிறது. கனவைவிட, நோபலைவிட. ஒரு காலத்தில் துண்டுக் காகிதத்தில் கிறுக்கிவிட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கின மனிதர். இப்போது காலை வருமா என்றே தெரியாது. யாரோ ஒருவர் எங்கேயோ இருந்து படித்தாலும் புரிகிற மாதிரி எழுதினார். தலைக்குள் இருக்கிற வரைக்கும் எந்தக் கண்டுபிடிப்பும் பத்திரமாக இல்லை என்று அந்த ஞாயிற்றுக்கிழமையே அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

சுமார் இரண்டு மாதத்தில் விடுதலை. நாட்டை விட்டுப் போக அனுமதி வேண்டுமானால் ஒரு நிபந்தனை. ஸ்டாக்ஹோம் வங்கியில் இருந்த நோபல் பரிசுப் பணத்தை நாஜிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வங்கிக்கு மாற்ற வேண்டும். மாற்றிக் கொடுத்தார். செப்டம்பரில் கிளம்பி லண்டன் போனார். வாழ்நாள் சம்பாத்தியம் மொத்தமும் அங்கேயே போனது. மனைவி கீடாவை விடவில்லை, சொத்தையெல்லாம் எழுதி வாங்கும் வரை பிடித்து வைத்திருந்தார்கள். 1941-இல்தான் அவரால் கணவரோடு சேர முடிந்தது.

பிரஸ்ஸல்ஸ், ஆக்ஸ்போர்டு என்று கொஞ்ச காலம். 1940-இல் அமெரிக்கா போய், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பேராசிரியர் ஆனார். வயது 67. அந்நாட்டுக்குள் நுழையும்போது கையில் இருந்த மருத்துவச் சான்றிதழை எட்டிப் பார்த்தாராம். முதுமைத் தளர்ச்சி, சம்பாதித்துப் பிழைக்கத் திறனற்றவர் என்ற பொருளில் எழுதியிருந்ததாம்! குடிவரவு அதிகாரி நல்லவேளையாக அதைக் கண்டுகொள்ளவில்லை. அதற்குப் பிறகு அந்தத் திறனற்றவர் இன்னும் 21 வருடம் வாழ்ந்தார். பேசினார், எழுதினார், கோடைக்காலம் வந்தால் உட்ஸ் ஹோல் கடற்கரை ஆய்வகத்துக்குப் போய் இளம் ஆராய்ச்சியாளர்களோடு உட்கார்ந்து கதை அடித்தார். ஓவியமும் இசையும் கடைசி வரை கூடவே இருந்தன. 1961 டிசம்பர் 25 அன்று, 88-ஆவது வயதில், நியூயார்க்கில் காலமானார்.

சரி, நம்ம கனவுக்கு வருவோம்

லோவிக்கே தெரிந்திருந்தால் சிரித்திருப்பார் என்று நினைக்க வைக்கிற ஒரு விஷயம் சொல்கிறேன். 1953-இல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர், தூங்கும்போது கண்கள் மூடியபடியே வேகமாக அசைகிற ஒரு கட்டம் இருப்பதாக எழுதினார்கள். ரெம் தூக்கம் என்று அதற்குப் பெயர். அந்தக் கட்டத்தில் ஆட்களை எழுப்பினால் பெரும்பாலும் கனவைத் தெளிவாகச் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் மூளைக்குள் அதிகமாகப் பொங்குகிற வேதிப்பொருள் எது தெரியுமா? அசிட்டைல்கோலின். கனவில் கண்டுபிடிக்கப்பட்ட பொருளே கனவு நேரத்தில் மூளையைக் கிளப்பி விடுகிற பொருள்களில் முக்கியமானது.

அதே நேரத்தில் நோர்அட்ரினலின் என்ற இன்னொரு பொருளின் சுரப்பு கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. விழித்திருக்கும்போது கவனத்துக்கும் ஞாபகத்தைப் பதிப்பதற்கும் உதவுகிற பொருள் அது. கனவு நம் கையில் நிற்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். படம் ஓடுகிறது, ரெக்கார்டு பட்டன் மட்டும் சரியாக அமுங்கவில்லை. நடுவில் விழித்தால்தான் அது பதிவாகிறது. பிரான்சின் லியோன் நகரில் நடந்த ஆராய்ச்சியில், அடிக்கடி கனவு ஞாபகம் இருப்பவர்கள் இரவில் சுமார் 30 நிமிடம் விழித்திருந்தார்கள், மற்றவர்கள் அதில் பாதிதான்.

அப்படியானால் படுக்கைக்கு முன்னால் ஏதாவது செய்து இதைக் கூட்ட முடியுமா? ஓரளவுக்கு முடியும். தலைமாட்டில் நோட்டு வைத்துத் தினமும் எழுதப் பழகினால் ஞாபகம் கூடுகிறது, அதுவும் இதுவரை கனவே வராது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு நன்றாகவே கூடுகிறது. படுக்கும்போது நாளைக்குக் கனவை ஞாபகம் வைக்கணும் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வதும் உதவும். விழித்ததும் போனை எடுக்காமல், புரளாமல், கண்ணை மூடியபடியே கடைசியாக வந்த காட்சியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போய்ப் பாருங்க. ஒரு நூல் நுனி கிடைத்தால் மொத்தமும் வரும்.

இதையெல்லாம்விட முக்கியம், போதுமான அளவு தூங்குவது. ரெம் கட்டம் சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு முறை வரும், விடியல் நெருங்க நெருங்க நீளமாகும். 2 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுந்தால், வெட்டுப்படுவது பெரும்பாலும் கனவுப் பகுதிதான். மது அருந்தினாலும் இரவின் முதல் பாதியில் ரெம் குறையும். கனவு பிடிக்கிறேன் பேர்வழி என்று ராத்திரி நாலு தடவை அலாரம் வைத்து எழுந்திருக்காதீங்க. மறுநாள் கிளாஸில் தூங்கி விழுவதுதான் மிச்சம்.

கனவு ஞாபகம் இல்லை என்றால் ஒன்றும் குடி முழுகிவிடாது. எழுதி வைத்த நோட்டைப் புரட்டினால் முக்கால்வாசி குப்பையாகத்தான் இருக்கும். லோவிக்கு அந்த இரவில் புதிதாக எதுவும் வானத்திலிருந்து விழவில்லை. மாணவனாக இருந்தபோதே பழகின தவளை இதயம், 1903-இல் எழுந்த கேள்வி, 1918-இல் செய்த வேலை, இவை மூன்றும் பகலில் உழைத்துச் சேர்த்தவை. தூக்கம் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது, அவ்வளவுதான். லேபுக்கே போகாதவனுக்கு லேப் கனவு வந்தால் அது எக்ஸ்டர்னல் வந்து மிரட்டுகிற கனவாகத்தான் இருக்கும்.

ஆனாலும் இன்றைக்கு ராத்திரி ஒரு நோட்டும் பேனாவும் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுங்க. விழிப்பு வந்தால் சோம்பல் படாமல் எழுந்து, முழு வாக்கியமாக எழுதுங்க. கையெழுத்து மட்டும் கொஞ்சம் நல்லா இருக்கட்டும். இரண்டாவது ராத்திரியும் அதே கனவு வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.